சீட்டுச் சாளரத்தில் யார் உள்ளூரார்?

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் தரிசிக்கச் செல்லும் பிரயாணி, பல்லவன் செதுக்குவித்த கல்லைக் காணுமுன் இக்காலத்தார் எழுதி வைத்த ஒரு கட்டணப் பலகையைக் காண்கிறார். இந்தியப் பிரஜைகளுக்கும், சார்க், பிம்ஸ்டெக் என்னும் கூட்டமைப்புகளைச் சேர்ந்த அண்டை நாட்டாருக்கும் 40 ரூபாய். ஏனையோருக்கு 600 ரூபாய். கல்லும் கடற்காற்றும் உச்சிவெயிலும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, விலை மாத்திரம் பதினைந்து மடங்கு விலகி நிற்கிறது. இதைக் கண்டு நாணுவோரும் உண்டு. ‘கடல் கடந்து வந்தவனுக்கு 600 ரூபாய் ஒரு பொருட்டா?’ என்று அலட்சியமாகக் கடந்து செல்வோரும் உண்டு. இவ்விரு சாராரின் வழக்கை இப்போது நான் தீர்க்கப் புகவில்லை. அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய ஆரோவில்லில், அது தோன்றிய 1968ஆம் ஆண்டுக்குப் பின் பல தேசங்களிலிருந்து வந்து, செம்மண் பொட்டலில் மரம் நட்டு, சந்தையில் தமிழிலேயே பேரம் பேசி, தலை நரைக்கும்வரை தங்கிவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தச் சாளரத்தின் முன் நின்றால், பலகையின் எந்த வரி அவருக்கு உரியது? பிரஜை என்றும் அயலார் என்றும் இரண்டே வகுப்பைக் காணும் கண்ணுக்கு, அயலாராகப் பிறந்து இங்கேயே குடியிருப்பவர் என்னும் மூன்றாவது வகுப்பு எளிதில் தென்படுவதில்லை.

இரட்டை விலை எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்றே நோக்குவோம். இந்தியத் தொல்லியல் துறை 2000ஆம் ஆண்டில் அயல்நாட்டார் கட்டணத்தை டாலர்க் கணக்கில் பன்மடங்கு உயர்த்திற்று. எதிர்ப்பு எழவே சிறிது குறைத்து, உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு 5 டாலர் அல்லது 250 ரூபாய் என்று பல்லாண்டு வைத்திருந்தது. 2016இல் 500 ரூபாயும், 2018இல் 600 ரூபாயும் ஆயின. தாஜ்மகாலிலோ விலை மூன்று: இந்தியருக்கு 50, சார்க், பிம்ஸ்டெக் நாட்டாருக்கு 540, மற்ற அயலாருக்கு 1,100. நடுவில் நிற்கும் இந்த 540 என்னும் விசித்திர எண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை வெளிப்படும். ஒரே சீட்டில் தொல்லியல் துறையின் கட்டணமும் ஆக்ரா வளர்ச்சிக் குழுமத்தின் சுங்கமும் கலந்திருக்கின்றன. தொல்லியல் துறை நேபாளியையும் சிங்களவரையும் தம்மவராகப் பாவித்து 40 ரூபாயோடு விட்டுவிடுகிறது; வளர்ச்சிக் குழுமமோ அவரை அயலாராகவே கருதி 500 ரூபாய் வாங்குகிறது. ஒரே மனிதர், ஒரே வாயிலில், ஒரே கணத்தில், ஓர் அலுவலகத்துக்கு உறவினராகவும் மற்றோர் அலுவலகத்துக்கு அந்நியராகவும் ஆகிறார். ‘உள்ளூரார்’ என்பது இயற்கையில் கிடைக்கும் பொருளன்று, அவரவர் வசதிக்கேற்ப வரைந்துகொள்ளும் கோடே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரட்டை விலையை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் அற்பமானவை அல்ல. இச்சின்னங்களைப் பேணும் செலவில் பெரும்பங்கு உள்நாட்டார் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. ஆதலால் அவர்கள் ஏற்கெனவே பாதி விலையை வீட்டிலிருந்தே கட்டிவிட்டார்கள் என்பது ஒன்று. ஏழை நாட்டின் கூலிக்காரன் தன் முன்னோர் எழுப்பிய கோயிலைக் காண இயலாதபடி விலை உயர்ந்துவிடலாகாது என்பது மற்றொன்று. இதன் முன் எவரும் தலைவணங்கவே வேண்டும். ஆனால் இவ்விரண்டையும் மெய்யாகவே நம்புவோர், அந்நாட்டிலேயே ஊதியம் பெற்று அந்நாட்டு வரியையே கட்டிவரும் அயல்நாட்டுப் பள்ளி ஆசிரியரையோ, ஆலைத் தொழிலாளியையோ, விமானத்திலிருந்து நேற்று இறங்கிய உல்லாசப் பிரயாணியோடு ஒரே வரிசையில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? நம் கிராமங்களில் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் வழக்கம் இதற்கு நல்ல உவமை. பிழைக்க வந்து பத்தாண்டாக ஊரில் குடியிருக்கும் தச்சர் குடும்பமும் வரி கொடுத்தால், பல ஊர்களில் அதுவும் ஒரு தலைக்கட்டாக எண்ணப்பட்டுப் பிரசாதத்தில் பங்கு பெறும். அவர் பாட்டனார் எந்த ஊர் என்று வரி பிரிக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. வாங்கும்போது கேளாத கேள்வியைக் கொடுக்கும்போது மாத்திரம் கேட்பது அவ்வூர்களில் நாகரிகமாகாது.

கேள்வியை எவ்விதம் கேட்கிறார்கள் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. சாளரத்தின் பின்னால் அமர்ந்திருப்பவருக்கு முதலில் தெரிவது முகமே. முகத்தைக் கொண்டு பிரஜையைத் தீர்மானிப்பது எத்துணைப் பிசகான காரியம் என்பதை, வடகிழக்கு மாநிலத்தார் தாமும் இந்தியரே என்று அட்டையைக் காட்டி நிலைநாட்ட வேண்டி வந்ததாக அவ்வப்போது வெளியாகும் செய்திகள் உணர்த்துகின்றன. அதே சாளரத்தில் லண்டனிலிருந்து வந்த தமிழ் முகத்தார் ஒருவர் வாய் திறவாமல் நாற்பது ரூபாயை நீட்டிவிட்டுப் போய்விடக்கூடும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் ஜெர்மனியில் பிறந்து, மதுரைப் பக்கத்துக் குடும்பமொன்றில் மருமகளாக வந்து, இருபது ஆண்டாக இங்கே வாழ்பவர். வடக்கே ஒரு கோட்டை வாயிலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சீட்டு, தமக்கு மாத்திரம் வேறு நிறத்தில் ஒரு சீட்டு கிடைத்தபோது அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லையாம். ‘அம்மா சீட்டு மட்டும் ஏன் வேற கலர்?’ என்று இளைய பிள்ளை கேட்டதற்கு விடை சொல்லத் தெரியாமல் விழித்ததைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்திய ஏற்பாட்டில் மற்றொரு முரண்பாடும் உண்டு. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓசிஐ அட்டை பெற்றவர், நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் இந்தியருக்குரிய கட்டணமே செலுத்தலாம் என்று சர்க்கார் ஆணை பிறப்பித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவ்வட்டை பெரும்பாலும் வம்சத்தை முன்னிட்டுக் கிடைப்பது. இம்மண்ணில் ஒரு மழைக்காலத்தையேனும் கழித்திராத ஒருவர், பாட்டன் வழியாக உள்ளூராராகிவிடலாம். பிம்ஸ்டெக் உறவினால் தாய்லாந்துக்காரருக்கும் மாமல்லபுரத்தில் 40 ரூபாய்தான். நாம் பதிலுக்குப் பாங்காக் சென்றால் என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தாய்லாந்துதான் இவ்விஷயத்தில் உலகிலேயே அதிகமான வாக்குவாதத்துக்கு இடமான தேசம் என்று சொல்லலாம். பாங்காக் அரண்மனைக்குள் தாய் மக்கள் இலவசமாகச் செல்ல, அயலார் 500 பாட் செலுத்துகிறார்கள். காவ் யாய் தேசியப் பூங்காவில் தாய் மக்களுக்கு 40 பாட், மற்றவருக்கு 400. இந்தியரும் அந்த மற்றவரில் அடக்கம். பிம்ஸ்டெக் அங்கே நினைவுக்கு வருவதில்லை. பல இடங்களில் அயலாருக்குரிய விலையை உலகெங்கும் வழங்கும் எண்களிலும், உள்நாட்டாருக்குரிய விலையைத் தாய்லாந்து மொழியின் பிரத்தியேக எண்களிலும் எழுதி வைப்பது அங்கே வழக்கம்; படிக்கத் தெரியாதவருக்கு வேறுபாடே புலப்படாது. நம்மவர் க, உ, ங என்னும் பழைய தமிழ் எண்களில் சென்னைக் கொண்டித்தோப்புக் கடையொன்றின் விலைப்பலகையை எழுதி வைத்தால் நம் பிள்ளைகளே மலைத்து நிற்பார்கள் அல்லவா, அதைப் போன்ற ஒரு தந்திரம். இதில் நான் ரசிக்கும் ஒரு விசேஷம்: தாய் எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பது எழுத்தியல் அறிஞர் கொள்கை. மாமல்லபுரத்திலிருந்து கப்பலேறிய எழுத்தின் பேரப்பிள்ளை, மாமல்லபுரத்துக்காரருக்கே விலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

அங்கே குடியிருக்கும் அயலாரின் கதி இன்னும் நுட்பமானது. வேலை அனுமதிப் புத்தகமோ, தாய்லாந்து ஓட்டுநர் உரிமமோ, அயலாருக்கு வழங்கப்படும் இளஞ்சிவப்பு அட்டையோ காட்டினால் சில வாயில்களில் உள்ளூர் விலை கிடைக்கும். அடுத்த வாயிலில் அதே அட்டை செல்லாது. ஒரு நாள் புன்னகையோடு ஒப்புக்கொண்ட காவலர், மறுநாள் மேலதிகாரி அருகில் இருந்தால் தலையசைத்து மறுப்பார். உரிமை என்று கோருவதற்கும் சலுகை என்று இரப்பதற்கும் இடைப்பட்ட இந்நிலை, அங்கே ஓய்வூதியத்தில் வாழும் ஐரோப்பியரைக் கோபங்கொள்ளச் செய்கிறது. அவர்களுடைய குரல்தான் எங்கும் கேட்கிறது. பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்து மீன்பிடி படகிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் இலட்சக்கணக்கான ஜனங்களும் அந்நாட்டில் குடியிருக்கும் அயலாரே என்பதையும், அவர்களுக்கு 400 பாட் என்பது ஏறக்குறைய ஒரு நாள் கூலி என்பதையும் இவ்வாக்குவாதத்தில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, குடியிருப்பை ஏட்டிலேயே எழுதி வைத்து மனத்தாங்கலுக்கு இடமளியாத தேசங்களும் உள்ளன. ஜோர்டானின் பெட்ராவில், இரவு தங்கிச் செல்லும் அயல்நாட்டுப் பிரயாணிக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். ஜோர்டானியருக்கும் அந்நாட்டுக் குடியிருப்பு அட்டை உடைய அயலாருக்கும் ஒரே ஒரு தினார். ஐம்பதுக்கு ஒன்று என்னும் இவ்வேறுபாடு மாமல்லபுரத்தைக் காட்டிலும் கடுமையானது. ஆயினும் கோடு தெளிவாக இருப்பதால் அங்கே வழக்கு குறைவு. ஈக்வடார் 2024 ஆகஸ்டில் கலாபகோஸ் தீவுகளின் நுழைவுக் கட்டணத்தை அயலாருக்கு 100 டாலரிலிருந்து 200ஆக உயர்த்தியபோது, தன் பிரஜைகளையும் தன் நாட்டில் குடியிருப்போரையும் ஒரே வகுப்பாக வைத்து 30 டாலர் விதித்தது. கென்யாவின் வனவிலங்குத் துறை பல ஆண்டுகள் பிரஜைகளையும் குடியிருப்போரையும் ஒரே அட்டவணையில் எழுதிவந்தது. அம்போசெலிப் பூங்காவில் அப்போது அவர்களுக்கு 860 ஷில்லிங், வெளியாருக்கு 60 டாலர். தான்சானியா நடுவழி கண்டது: அங்கே வாழும் அயலார், வெளியாருக்குரிய கட்டணத்தில் பாதியைச் செலுத்துகிறார்கள். பாலித் தீவு 2024 பிப்ரவரி முதல் அயல்நாட்டாரிடம் வாங்கும் 1,50,000 ருபியா வரியிலிருந்து குடியிருப்பு அனுமதி உடையவர்களுக்கு விலக்கு உண்டு. இத்தனைக்கும் இத்தேசங்கள் செல்வத்தில் சிறந்தவை அல்ல. குடியிருப்போருக்கு விட்டுக்கொடுத்ததனால் அவற்றின் கருவூலம் வற்றியதாகவும் தெரியவில்லை.

சீன தேசத்தின் பழைய கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1980 முதல் அங்கே அயலார் கையாளுவதற்கென்றே தனி நாணயச் சீட்டு இருந்தது. ரயிலிலும் காட்சியிடங்களிலும் அவர்களுக்குத் தனி விலை. அப்போதும் சீனப் பல்கலைக்கழகங்களில் பயின்ற அயல்நாட்டு மாணவருக்கு ஒரு வெள்ளை அட்டை கொடுத்து, உள்நாட்டு நாணயத்தில் செலுத்த அனுமதித்தார்கள். 1994 தொடக்கத்தில் அந்நாணயச் சீட்டு நிறுத்தப்பட்டது. அட்டைக்கும் அவசியமில்லாமற் போயிற்று.

தமிழர் வாழ்வோடு நெருங்கிய உறவுடைய உதாரணம் சிங்கப்பூர். அங்கே 2012இல் திறக்கப்பட்ட ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவின் மாபெரும் கண்ணாடிக் குடில்களில் உள்ளூர் விலை என்பது பிரஜைக்கும் நிரந்தரவாசிக்கும் மாத்திரம் உரியதன்று. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவருக்கும் உரியது. புதுக்கோட்டையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் சென்று கட்டடச் சாரத்தில் நிற்கும் நம் பையன், ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நண்பர்களைச் சந்தித்துவிட்டு அங்கே போனால், அவனும் அன்றைக்கு உள்ளூரான். அவன் அட்டையைக் காட்டுகிறான், சீட்டைப் பெறுகிறான். நடுவில் கெஞ்சலும் இல்லை, கேள்வியும் இல்லை. அதே நகரத்தில் இதன் தலைகீழ்க் காட்சி ஒன்றும் உண்டு. சூதாட்ட மாளிகைக்குள் செல்ல, 2019 முதல் பிரஜையும் நிரந்தரவாசியும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும். அயலாருக்குத் தீர்வையே இல்லை. தன் ஜனங்களைப் பூந்தோட்டத்துக்கு அழைத்து, சூதாட்டத்தினின்று விலக்கும் இவ்விரு விலைகளிலும் ஒரே தகப்பனின் புத்தி தெரிகிறது.

மலேசியாவில் பல தனியார் காட்சியிடங்கள் மைகாட் என்னும் குடிமக்கள் அட்டையையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. அங்கேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, ஆவணக் குறையினால் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தமிழ் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரப்பர் பால் எடுத்துத் தேய்ந்த கையோடு நிற்பவரிடம் நீலநிற அட்டையைக் கேட்கும் சாளரத்தை நினைக்குந்தோறும், பிரஜைத்தனம் என்னும் அளவுகோல் உள்ளூர்த் தன்மையை அளக்க எவ்வளவு போதாதது என்பது எனக்கு உறுதிப்படுகிறது.

இனி, குடியிருப்பை அளவுகோலாக்கினால் எல்லாம் செம்மையாகிவிடுமா என்றால், ஐரோப்பாவின் அனுபவம் நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது. ஸ்பெயின் தேசம் தன் அருங்காட்சியகங்களில் ஸ்பானியருக்கும், ஸ்பெயினில் குடியிருக்கும் அயலாருக்கும், ஐரோப்பிய சமூக நாடுகளின் 21 வயதுக்குட்பட்ட இளைஞருக்கும் இலவச அனுமதி அளித்து, மற்ற ஐரோப்பியரிடம் கட்டணம் வாங்கிற்று. குடியிருப்போரை அணைத்துக்கொண்ட இந்தத் தாராளமான ஏற்பாட்டையும் ஐரோப்பிய நீதிமன்றம் 1994 மார்ச்சில் பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. வெனிஸ் நகரின் டோஜே அரண்மனை முதலிய இடங்களில் இத்தாலியரும் உள்ளூர்வாசிகளுமான முதியவருக்கு மாத்திரம் இலவசம் என்ற இத்தாலியின் ஏற்பாடும் 2003 ஜனவரியில் அதே கதியை அடைந்தது. இத்தாலி அப்போது கூறிய சமாதானம், நாம் மேலே கண்ட வரி வாதமேதான். ஒருவர் கட்டும் வரிக்கும் அவர் பெறும் இலவசச் சீட்டுக்கும் நேரான தொடர்பு ஒன்றும் இல்லை என்று கூறி நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தலைக்கட்டு வரி உவமையை நம்பி நிற்கும் என்னைப் போன்றோருக்கு இது சிறிது கசப்பான மருந்து. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருவர் பிரஜையை மற்றவர் தம் பிரஜையைப் போலவே நடத்துவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் குடும்பச் சட்டம் அது. அத்தகைய ஒப்பந்தமும், அதைத் தாங்கும் செல்வமும் இல்லாத ஜோர்டானுக்கோ இந்தியாவுக்கோ அதை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது.

அந்த ஐரோப்பாவும் இப்போது தன் வேலியைச் சுற்றி ஒரு கோடு வரைந்திருக்கிறது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 32 யூரோ விதித்துள்ளது. வட்டத்துக்குள் உள்ளோருக்கு 22. அந்நகரின் லா சப்பேல் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் பிரான்சில் குடியிருப்பவர் என்ற முறையில் 22 யூரோவோடு உள்ளே செல்ல, அவரைப் பார்க்க டொராண்டோவிலிருந்து வந்த மைத்துனர் 32 கொடுப்பார். இருவரும் அடுத்த ஆண்டு இலங்கையின் சிகிரியாவுக்குச் சென்றால், இரட்டைக் குடியுரிமை பெறாமல் கனடியப் பிரஜையாகிவிட்ட மைத்துனர், பிறந்த தீவிலேயே டாலரில் சீட்டு வாங்க நேரும். பிறப்பு, பிரஜைத்தனம், வசிப்பு என்னும் மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றுகூடியிருந்த காலம் போய்விட்டது. கட்டணப் பலகைகள் மாத்திரம் அக்காலத்திலேயே நிற்கின்றன.

ஜப்பானில் ஹிமேஜி நகரத்தார் நடந்துகொண்ட விதம் இவ்வாராய்ச்சியில் எனக்கு மிகவும் படிப்பினையாக இருந்தது. அங்குள்ள வெண்ணிறக் கோட்டைக்கு அயலாரிடம் 30 டாலர் அளவில் வாங்கலாமென்று 2024இல் நகர மேயர் ஒரு யோசனையை வெளியிட்டார். பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை சொல்வது முறையா என்னும் விவாதம் எழுந்தது. முடிவில் நகரம் பிரஜைத்தனத்தை விட்டு வசிப்பைப் பற்றிக்கொண்டது: 2026 மார்ச் முதல் நகரவாசிக்கு 1,000 யென், வெளியாருக்கு 2,500. இதன்படி ஹிமேஜியில் வாழும் வியட்நாம் தொழிலாளி உள்ளூரார். ஒசாகாவிலிருந்து வரும் சுத்த ஜப்பானியர் வெளியார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2018 முதல் இதே வழியில், அம்மாநிலத்தில் வசிப்போர் விரும்பியதைக் கொடுக்கலாம், மற்றவர் நிர்ணயித்த கட்டணம் செலுத்த வேண்டும் என்று வகுத்துக்கொண்டது.

குடியிருப்பை எதைக் கொண்டு நிரூபிப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். வெயிலில் நீண்டு நிற்கும் வரிசையில், பலவகை விசாக்களையும் அனுமதிச் சீட்டுகளையும் படித்துப் பார்க்கச் சீட்டுக் கொடுப்பவருக்கு அவகாசம் ஏது என்பது நியாயமான ஆட்சேபமே. ஆனால் நம் நாட்டைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை ஏற்கெனவே நம் பையில் இருக்கிறது. ஆதார் அட்டை பிரஜைத்தனத்துக்குச் சான்றன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள் இந்நாட்டில் வசித்தவர் எந்தத் தேசத்தாராயினும் அதைப் பெறலாம். வருமான வரித்துறையும் ஏறத்தாழ இதே நாட்கணக்கைக் கொண்டே ஒருவரை ‘இங்கு வசிப்பவர்’ என்று வகுத்து, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பாராமல் வரி வாங்குகிறது. வரி வாங்குவதற்குப் போதுமான வசிப்பு, சீட்டு வாங்குவதற்கும் போதுமானதாகத்தான் இருக்க வேண்டும். எந்த ஆவணமும் இல்லாத அகதிக்கும் நாடோடிக் கூலிக்கும் இவ்வழி உதவாது என்பதை நான் மறைக்கவில்லை. அவர்கள் பொருட்டு வாரத்தில் ஒரு நாளேனும் எல்லோருக்கும் இலவசமாகக் கதவைத் திறந்து வைப்பதே தக்கது.

இரட்டை விலையை ஒழிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வறுமை இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது. தொல்லியல் துறையாரிடமும், மாநில அருங்காட்சியகங்களையும் சரணாலயங்களையும் நிர்வகிப்போரிடமும் நான் வேண்டுவது இவ்வளவே: கட்டணப் பலகைக்கு அடுத்த முறை வர்ணம் தீட்டும்போது, ‘இந்தியப் பிரஜைகள்’ என்ற வரியின் கீழே ‘இந்தியாவில் வசிக்கும் பிற நாட்டார், ஆதார் அட்டை காட்டினால், இதே கட்டணம்’ என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எல்லோரும் படிக்கத்தக்க எழுத்தில் எழுதி வையுங்கள்.